ஓகூஸில் நான் நடத்திய இங்கிலாந்துப் பள்ளிக்கூடம்

1. ஆங்கிலேயருக்குப் பதிலாக

டென்மார்க்கில் நான் முதன்முதலில் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம், ஓர் ஆங்கிலேயருக்கு ஸ்பெயின் நாட்டு வெயில் பிடித்துப்போனதுதான்.

எண்பதுகளின் கடைசிக் காலம். ஓகூஸ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லோன்றியில் எனக்குப் பகல் வேலை. அழுக்குத் துணி ஒரு பக்கத்தால் வரும். பிரித்துப் போடுவோம். வெள்ளையாகி மறுபக்கத்தால் போகும். அதற்கு முன் மன்னாரில் ஒரு கல்லூரியில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். யோசித்துப் பார்த்தால் அங்கேயும் பிரித்துப் போடுகிற வேலைதான். என்ன, அங்கே எல்லாம் வெள்ளையாகி வரவில்லை.

இந்த நாட்டில் வேலைசெய்யும் ஆட்களும் ஓய்வெடுத்தவர்களும் பொழுதுபட்டபின் போய்ப் படிக்கிற மாலைப் பாடசாலைகள் இருக்கின்றன. மட்பாண்டம் செய்யப் படிப்பார்கள், பின்னல் படிப்பார்கள், எந்தப் பறவை எப்படிக் கத்துகிறது என்று படிப்பார்கள். சோதனை இல்லை, சான்றிதழ் இல்லை. சோதனை இல்லாத ஒன்றை மனிதன் ஏன் படிக்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனாலும் ஆங்கிலம் படிப்பிக்க இடம் கிடைக்குமா என்று ஒரு நாள் போய்க் கேட்டேன். பொறுப்பாக இருந்தவர் கியர்ஸ்டன் என்ற அம்மா. அவர் டேனிஷில் கதைத்ததை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"உனக்குக் கறி சமைக்கத் தெரியுமோ? கறி வகுப்பெண்டால் ஆக்கள் நிரம்பி வழிவினம்."

"தெரியாது. எனக்குச் சமைச்சுப் போடுறது என்னோடை இருக்கிற தம்பி."

"அப்ப என்னதான் தெரியும்?"

"ஆங்கிலம் படிப்பிப்பன்."

"அதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்று சொல்லி, தன் முன்னால் இருந்த வகுப்பு அட்டவணையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "பிரித்தானியக் கல்விமுறை: அது வளர்ந்த கதை. இதுக்கொரு ஆங்கிலேயரைப் பிடிச்சு வைச்சிருந்தனான். ஆள் ஸ்பெயினுக்குப் போட்டார். இனி வரமாட்டாராம். நீ படிச்சது பிரித்தானிய முறையிலைதானே?"

"நான் படிச்சது இலங்கையிலை."

"அதுவும் அவையின்ரைதானே?"

"அவை போய் நாப்பது வருசமாச்சு."

"நல்லதாப் போச்சு. வரலாறு எண்டுதான் நாங்களும் போட்டிருக்கிறம்."

அப்படித்தான் ஓர் ஆங்கிலேயருக்குப் பதிலாக மன்னாரான் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு குளிர்காலம் முழுக்க.

வீட்டில் இதைச் சொன்னபோது யோகன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். யோகன்தான் எனக்குச் சமைத்துப் போடுகிற அந்தத் தம்பி. மட்டக்களப்புப் பெடியன், லோன்றியிலும் என்னோடுதான்.

"மாஸ்டர், வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன்ரை பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படிப்பிக்கப் போறியளோ? அதுவும் இங்கிலீசிலையோ?"

"ஏன், நாங்கள் அவன்ரை பள்ளிக்கூடத்திலை தானே அடி வாங்கினது?"

"அடி வாங்கின கணக்கிலை பாத்தால் நான் புரொபெசர்" என்றான்.

இதை வாசிக்கிற இளையவர்களுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்களுக்கு இருக்க இடமும் விசாவும் கொடுத்துவிட்டார்கள். மனைவி பிள்ளைகளைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமையும் இருந்தது. விண்ணப்பித்தோம். பதில் வரவில்லை. மறுத்திருந்தால் அப்பீல் செய்யலாம், சம்மதித்திருந்தால் டிக்கெட் எடுக்கலாம். பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். என் மனைவி ஜெசிந்தாவும் மகள் அனிற்றாவும் கொழும்புக்கு வெளியே வத்தளையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். மகளுக்கு ஆறு வயது. பொலிஸ் பதிவு, அடிக்கடி வீட்டுச் சோதனை என்று அவர்களுடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன. டென்மார்க்கில் தமிழர் வழக்கு என்று பின்னாளில் பெயர் எடுத்த விசயம் அப்போது எங்களுக்கு வழக்கும் அல்ல, விசயமும் அல்ல. தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவது, அவ்வளவுதான்.

2. கோப்பியும் கேக்கும்

முதல் நாள் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் பதினொரு பேர் வட்டமாக இருந்தார்கள். ஆசிரியருக்கு என்று தனி மேசை கிடையாது. வட்டத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது, அதுதான் நானாம். நான் ஆங்கிலேயன் இல்லை என்பதை ஒருவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"என்னுடைய பெயர் அருளப்பு. என்னை மிஸ்டர் அருளப்பு என்று..." என்று தொடங்கினேன்.

"அருள்" என்றார்கள் எல்லோரும். முடிந்தது. டேனிஷ் மொழியில் 'நீங்கள்' என்றொரு சொல் இருக்கிறது. அதை மகாராணிக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். மற்ற எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்.

பாடத்தைத் தொடங்க வாயைத் திறந்தபோது வெள்ளைத் தலைமுடியோடு இருந்த இங்கர் என்ற அம்மா கையை உயர்த்தினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. "முதல்லை முக்கியமான விசயம். கோப்பி ஆர், கேக் ஆர்?"

எந்த வாரம் யார் கேக் கொண்டுவருவது, கோப்பியைப் பாடசாலையில் போடுவதா, பிளாஸ்கில் கொண்டுவருவதா, சீனி பொதுவா, அவரவர் செலவா என்று கதைத்தார்கள். சத்தம் போடவில்லை, ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசவில்லை. எல்லோருடைய கருத்தையும் கேட்டார்கள், என்னுடையதையும். முடிந்தபோது வகுப்பில் பாதி நேரம் போய்விட்டது. ஜனநாயகம் என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கொஞ்சம் பசித்தது.

பிறகு தங்களைச் சொன்னார்கள். எல்லோரையும் இங்கே எழுதத் தேவையில்லை. மூன்று பேர் போதும். இங்கரைச் சொல்லிவிட்டேன். அடுத்தது ஸ்வென், ஓய்வெடுத்த பன்றிப் பண்ணைக்காரர், கதவை அடைக்கிற உடம்பு.

"என்ரை பன்றியள் முழுக்கப் பேக்கனாகி இங்கிலாந்துக்குத்தான் போனது. அங்கை இருக்கிற சனம் எப்பிடிப்பட்டது எண்டு அறியத்தான் வந்தனான்."

மூன்றாமவர் ஹென்னிங். ஒரு கொமியூனில், அதாவது நகரசபை அலுவலகத்தில், முப்பது வருடம் விண்ணப்பங்கள் பார்த்தவர். கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் போட்டார்; மடிப்புக் குலையவில்லை. "எனக்கு ஒழுங்கான எதையும் பிடிக்கும்" என்றார்.

3. தலைகீழாக வாசித்த பிள்ளைகள்

இரண்டாம் வாரம் எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். அதாவது நோட்ஸ் சொன்னேன். "ஆதியில் கல்வி தேவாலயத்தின் கையில் இருந்தது. கமா. இலத்தீன் இலக்கணமே கல்வி எனக் கருதப்பட்டது. புள்ளி." நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் எழுதவில்லை. பின்னிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் ஊசியை நிறுத்தி என்னைப் பரிவோடு பார்த்தார்.

"நீ ஏன் நிறுத்தக்குறியளை எல்லாம் சொல்லுறாய்?" என்று கேட்டார் இங்கர்.

"எழுதுறதுக்கு."

"நாங்கள் எழுதவேண்டாம். நீ சொல்லு. சொல்லிப்போட்டு, நீ என்ன நினைக்கிறாய் எண்டும் சொல்லு."

நான் என்ன நினைக்கிறேன் என்று நான் படித்த காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை. படிப்பித்த காலத்தில் நானும் ஒருவரைக் கேட்டதில்லை. இந்தப் பாடத்தில் எனக்குச் சொந்தக் கருத்து ஒன்று வேண்டும் என்பது புதுச் செய்தி. வீட்டுக்குப் போய் நூலகப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கருத்துத் தேடினேன்.

அப்படித் தேடியபோது அகப்பட்டதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை. இங்கிலாந்து அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்குக் காசு கொடுத்தது. காசு வீணாகக் கூடாதே. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். பாஸ் பண்ணின பிள்ளைக்குத் தகுந்தபடி பள்ளிக்கூடத்துக்குக் காசு. ஆகவே வாத்திமார் ஒரே புத்தகத்தை வருடம் முழுக்க ஓதவைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிள்ளைகள் பிழையில்லாமல் 'வாசித்தார்களாம்'.

இங்கர் தலையில் கைவைத்தார். ஸ்வென்னுக்கோ உடனே விளங்கிவிட்டது.

"எங்களுக்கும் நிறைக்குத்தான் காசு. நிறுக்கிறதுக்கு முதல் நல்லாத் தண்ணி காட்டுவம்."

"உங்கடை ஊரிலை இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன செய்வியள்?" என்று ஒருவர் கேட்டார்.

"மொக்குப் பிள்ளையளைக் கோயில் வளவு கூட்ட அனுப்பிப்போடுவம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிய, இங்கர் கேட்டார்: "அந்தப் பிள்ளையளுக்கு ஏன் எண்டு தெரியுமோ?"

தெரியும். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான் என்றேன். அதுதான் நான் சொன்ன முதலாவது சொந்தக் கருத்தாக இருக்கவேண்டும். இங்கர் என்னை ஒரு ஆசிரியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

4. லெவன் பிளஸ்

வாரங்கள் போயின. எல்லோருக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடம் வந்தது, கட்டாயக் கல்வி வந்தது, யுத்தங்கள் வந்தன, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பதினொரு வயதில் பிள்ளைக்கு ஒரு சோதனை வைத்தார்கள். லெவன் பிளஸ் என்பார்கள். பாஸ் பண்ணினால் கிராமர் ஸ்கூல், பிறகு பல்கலைக்கழகம், பிறகு கழுத்துப்பட்டி. பாஸ் பண்ணாவிட்டால் செக்கண்டரி மொடேர்ண். பெயரில் மட்டும்தான் நவீனம்.

"ஒரு சோதினையாலை ஒரு பிள்ளையின்ரை சீவியத்தை முடிவு கட்டுறதோ? நாங்கள் விடமாட்டம்" என்று வகுப்பு கொதித்தது. டென்மார்க்கில் சின்ன வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் புள்ளியே போடுவதில்லை. அவர்களுடைய கொதிப்பு வசதியான கதிரையில் இருந்துகொண்டு கொதிக்கிற கொதிப்பாக எனக்குப் பட்டது. சரி, வைத்துப் பார்ப்போம் என்று அடுத்த வாரம் ஒரு லெவன் பிளஸ் தாள் தயாரித்துக்கொண்டு போனேன். எண்வரிசை, பொருந்தாச் சொல், கொஞ்சம் கணக்கு.

விளையாட்டென்று எல்லோரும் உற்சாகமாக எழுதினார்கள். இங்கர் மட்டும் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். திருத்தினேன். மூன்று பேரை எடுத்து யன்னலோரத்து மேசையில் இருத்தினேன்: ஒரு பஸ் சாரதி, பல் வைத்தியரிடம் வேலைசெய்யும் ஒரு பிள்ளை, ஹென்னிங். கோப்பியும் அன்றைய அப்பிள் கேக்கும் அவர்களுக்கு. மிச்ச எட்டுப் பேரும் கதவோரம். அவர்களுக்குக் காய்ந்த ரொட்டியும் பைப் தண்ணீரும்.

"இது எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டார் இங்கர்.

"வகுப்பு முடியுமட்டும்."

"இண்டைக்கோ?"

"இல்லை. குளிர்காலம் முடியுமட்டும். ஒருக்கால் பிரிச்சால் பிரிச்சதுதான். அதுதான் அங்கை விதி."

சொல்லத் தொடங்கியபோது பகிடிக்குத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது பகிடியாக இருக்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம் குரலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பல் வைத்தியரிடம் வேலைசெய்யும் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கதவோரம் போய் இருந்தாள். பஸ் சாரதி பாதி கேக்கைத் தின்றுவிட்டு மனச்சாட்சி வந்து எழுந்தார். ஹென்னிங் மட்டும் அசையவில்லை. முள்ளுக்கரண்டியால் ஒழுங்கான துண்டுகளாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஹென்னிங்! அது நான் சுட்ட கேக்" என்றார் இங்கர்.

"ஓம். நல்லாயிருக்கு."

"எப்பிடி உனக்கு இறங்குது?"

"விதியை நான் போடேல்லை. விதிப்படி எனக்கு வந்ததைச் சாப்பிடுறன்."

ஸ்வென் ரொட்டியைக் கடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "அங்கை இதைச் செய்தது ஆர்? பொல்லாத ஆக்களோ?"

"இல்லை. நல்லாப் படிச்ச ஆக்கள். மரியாதையான ஆக்கள்."

"உனக்குப் பிள்ளை இருக்கோ?"

"ஒரு மகள்."

"அவள் இதிலை பாஸ் பண்ணுவாளோ?"

"அவளுக்குத் தாள் குடுக்கேல்லை. சோதினை மண்டபத்துக்கு வெளியிலை நிக்கிறாள்" என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. எனவே சொன்னேன்: வத்தளை அறை, விண்ணப்பம், வராத பதில். நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த தமிழ் ஆண்கள் முழுப்பேரும் அப்படித்தான் என்றேன். கூடக்குறையச் சொல்லவில்லை.

ஹென்னிங் கரண்டியை வைத்தார். "அது நடக்காது. டென்மார்க்கிலை விண்ணப்பம் போட்டால் பதில் வரும். நீ ஏதோ பிழையா நிரப்பியிருக்கிறாய்."

"எல்லாரும் ஒரே பிழையை விட்டிருப்பமோ?"

அவர் யோசித்தார். "நான் போய்ப் பாக்கிறன். ஐஞ்சு நிமிச அலுவல்."

இங்கர் வெறும் கேக் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எழும்பினார். கதவடியில் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "எனக்கு எத்தினை புள்ளி குறைஞ்சது?"

"ஒண்டு."

"எந்தக் கேள்வி?"

சொன்னேன். அடுத்த நாளே என்மேல் கியர்ஸ்டனிடம் முறைப்பாடு போயிற்று.

5. முறைப்பாடும் மறுமொழியும்

முறைப்பாட்டின் சாரம்: பிரித்தானியக் கல்விமுறை பற்றிய வகுப்பில் ஆசிரியர் பிரித்தானியக் கல்விமுறையைக் கையாண்டார். வளர்ந்தவர்களுக்குப் புள்ளி போட்டார், அவர்களைப் பிரித்து இருத்தினார். கியர்ஸ்டன் லோன்றிக்கே போன் எடுத்தார்.

"அருள், நீ ஆக்களுக்குத் தண்ணி குடுத்தியாம்?"

"பைப் தண்ணி. நல்ல தண்ணி."

"அடுத்த கிழமை நான் வகுப்புக்கு வாறன். வகுப்பைத் தொடர விடுறதோ இல்லையோ எண்டு எல்லாருமாக் கதைச்சு முடிவெடுப்பம்."

யோகனிடம் சொன்னபோது இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "மாஸ்டர், வேலை போனால் பரவாயில்லை. பிரச்சினைக்காரன் எண்டு பேர் போய், அது உங்கடை விண்ணப்பத்திலை ஒட்டினால்?" என்றான். அந்தக் காலத்தில் எங்களுடைய பயம் முழுக்க அப்படித்தான் ஓடும். தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதுகூட அதை யாரோ எழுதிக்கொள்கிறார்கள் என்று நினைத்து நின்றோம். ஒரு அப்பிள் கேக்கைப் பிரித்துக் காட்டப் போய் மனைவி பிள்ளையின் வழியை அடைத்துவிட்டேனோ என்று லோன்றியில் நின்று யோசித்தேன். துணிகள் கலந்துபோய்ப் பேச்சு வாங்கினேன்.

அடுத்த வகுப்பன்று மாலை கியர்ஸ்டன் வட்டத்தில் இருந்தார். இங்கர் அவருக்குப் பக்கத்தில், முதுகு நிமிர்த்தி. ஹென்னிங்கைக் காணவில்லை. நேரம் தவறாத மனிதர். கதை தொடங்கி, இங்கர் தன் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. அப்படியே இருந்தார்.

"ஹென்னிங், உன்ரை கருத்து?" என்று கேட்டார் கியர்ஸ்டன்.

"நான் கொப்பன்ஹேகனுக்குப் போனனான்" என்றார். அப்போது பாலம் இல்லை. ரயிலே கப்பலில் ஏறிக் கடல் தாண்டுகிற காலம். ஒரு நாள் பயணம். "முதல் போன் பண்ணினன். சரிவரேல்லை. நேரை போனன். நானும் முப்பது வருசம் இந்த வேலை செய்தவன் எண்டு சொன்னன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெடியன். நல்ல மரியாதை. அருளின்ரை விண்ணப்பத்திலை ஏதும் குறையோ எண்டு கேட்டன். ஒண்டும் குறையேல்லையாம். அப்ப எப்ப பதில் எண்டு கேட்டன். சொல்லேலாதாம். ஏன் எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவன்?" என்றார் ஸ்வென்.

"ஒண்டும் சொல்லேல்லை. மேசையைப் பாத்துக்கொண்டிருந்தான்." ஹென்னிங் தன் கைகளைப் பார்த்தார். "அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நானும் அப்பிடிப் பாத்திருக்கிறன். மேலையிருந்து, இதைக் கொஞ்சம் கிடக்கவிடு எண்டால் கிடக்கவிடுறது. ஏன் எண்டு கேட்டதில்லை. விதியை நான் போடேல்லை எண்டுதான் நினைச்சனான். இந்த முறை விதி அவன்ரை பக்கமும் இல்லை. சட்டத்திலை உரிமை இருக்கு. நான் போய்ச் சட்டத்தை எடுத்துப் பாத்தனான்."

பின்னல் ஊசி நின்றுவிட்டது.

இங்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் ஒரு துண்டு கேக்குக்கு முறைப்பாடு குடுத்தனான்" என்றார். முகம் சிவந்திருந்தது. பிறகு தலைமை ஆசிரியைக் குரல் திரும்பி வந்தது. "சரி. முறைப்பாடு எழுத எனக்கு நல்லா வரும். ஆருக்கு எழுதவேணும் எண்டு சொல்லுங்கோ."

கியர்ஸ்டன் தன் தீர்ப்பையும் சொன்னார்: வகுப்பு தொடரலாம், புள்ளி போடக்கூடாது, தண்ணீர் விரும்பியவர்களுக்கு மட்டும்.

பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். இங்கருடைய எழுத்தில் கமா, புள்ளி எல்லாம் இருந்தது. ஹென்னிங் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எடுத்துக் கொடுத்தார்; அந்த மனிதர் கோபப்பட்டுப் பார்த்தது அப்போதுதான். கோபத்திலும் அடிக்கோட்டை அளவுகோல் வைத்தே கீறினார். ஸ்வென் எழுதவில்லை. தேர்தல் தொகுதியில் அரசியல்வாதி ஒருவர் கூட்டம் வைத்தபோது முன்வரிசையில் போய் இருந்து, எழும்பிக் கேட்டார்: "நான் வருசக்கணக்காப் பத்திரம் நிரப்பிப் பன்றியளைப் பேக்கனாக் கடல் தாண்டி அனுப்பினனான். ஒரு முறையும் பதில் வராமல் இருந்ததில்லை. ஒரு மனிசிக்கும் பிள்ளைக்கும் ஏன் பதில் வருதில்லை?" மண்டபம் சிரித்ததாம். அரசியல்வாதி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஆக, பிரித்தானியக் கல்விமுறை எங்கள் வகுப்பில் நாற்பத்து நான்காம் ஆண்டோடு நின்றுவிட்டது. லெவன் பிளஸ்ஸை அங்கே பெரும்பாலான இடங்களில் கைவிட்டு, எல்லோரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையை நான் படிப்பிக்கவேயில்லை. எங்கள் ஆட்கள் உயிரை விட்டுப் படித்த ஓ லெவல் சோதனையைக்கூட நான் படிப்பித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்துக்காரர் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு சோதனை கொண்டுவந்தார்கள் என்று இங்கர் ஒரு பத்திரிகையைக் காட்டினார். என்னிடம் இருந்தது செத்துப்போன சோதனையின் சான்றிதழ். அதை அவர்கள் முறையை விளக்க வந்த ஆசிரியருக்கு மாணவி சொல்லவேண்டியிருந்தது.

6. கேட்ட கேள்வி

எங்கள் வகுப்பால்தான் வழி திறந்தது என்று சொன்னால் பொய். எத்தனையோ பேர் உழைத்தார்கள். பத்திரிகைக்காரர், சட்டத்தரணிகள், எங்கள் ஆட்களோடு தெருவில் நின்றவர்கள். எங்கள் குடும்ப விண்ணப்பங்களைக் கிடக்கவிடச் சொன்னது நீதி மந்திரியே என்ற விசயம் வெளியே வந்தது. கிடந்த விண்ணப்பங்கள் அசைந்தன. ஜெசிந்தாவும் அனிற்றாவும் வந்து இறங்கியபோது மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "அப்பா எண்டு கூப்பிடு" என்று தாய் சொல்ல, "வணக்கம் அப்பா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சொன்னாள். அந்த வணக்கத்தின் விலை எந்த விசாரணை அறிக்கையிலும் இல்லை.

பிறகு விசாரணை நடந்தது. பிரித்துப் பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் பிரதமர் பதவி விலகினார், அரசாங்கம் போயிற்று. அன்று லோன்றியில் டேனிஷ்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏதோ நான் சோதனை பாஸ் பண்ணினது போல.

அந்த நாட்களில்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது. நானும் ஜெசிந்தாவும் போனோம். வகுப்பு ஆசிரியை இளம் பெண், காலை மடித்துக் கதிரையில் வைத்துக்கொண்டு கதைக்கிறவர்.

"வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை எண்டு கேளுங்கோவன்" என்று ஜெசிந்தா என் காதில் சொன்னாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆசிரியையே தொடங்கினார்.

"அனிற்றா எக்கச்சக்கமாக் கேள்வி கேக்கிறாள்."

"மன்னிக்கவேணும். வீட்டிலை சொல்லித் திருத்துறம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

"ஐயோ, அது குறையில்லை. இந்தக் கிழமை அரசாங்கம் விலகினதைப் பற்றிக் கதைச்சனாங்கள். மந்திரி சொன்னார், கீழை இருந்தவை செய்தவை எண்டு விளங்கப்படுத்தினன். அவள் கையை உயர்த்தி, அந்தக் கீழை இருந்தவையும் இப்பிடிப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சவையோ எண்டு கேட்டாள்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன். அப்ப ஏன் அவை ஒருத்தரும் கை உயர்த்தேல்லை எண்டு கேட்டாள்." ஆசிரியை காலைக் கீழே இறக்கி வைத்தார். "ரெண்டு பாடம் அதிலையே போச்சுது."

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெசிந்தா கேட்டாள்: "இப்ப பிள்ளை கெட்டிக்காரியோ, இல்லையோ?"

தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.

நான் படித்த முறையில் கேள்வி கேட்டால் அடி விழும். இங்கே கேள்வி கேட்டால் பாராட்டு விழும். ஆனால் இரண்டிலிருந்தும் வெளியே வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள், மேலிருந்து சொன்னதும் ஒரே மாதிரித்தான் கீழே குனிந்தார்கள். எல்லோருமில்லை. உள்ளே சிலர் எச்சரித்ததாகப் பிறகு வாசித்தேன். அவர்கள் எந்தப் பள்ளிக்கூடம் என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைகளான நீங்கள் இன்று கொமியூனில் இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். நல்ல டேனிஷ், நல்ல சம்பளம். உங்களுக்கு முன்னால் இப்போது வேறு நாட்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், நாங்கள் நின்ற மாதிரியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அவர்களுடைய விண்ணப்பத்தைக் கொஞ்சம் கிடக்கவிடு என்று ஒரு நாள் மேலிருந்து யாராவது சொல்லலாம். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அன்றைக்கு உங்களுக்கு யாரும் புள்ளி போடமாட்டார்கள். ஆனாலும் ஏன் என்று கேளுங்கள்.